செப்பு உருளையில் சந்தனம்

அன்று காலை நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? மூன்று வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் சரியாகத் தோன்றுகிறது. மறுநாள் அதுவே வெறும் சாக்குப்போக்காகத் தெரிகிறது. "அதை வைத்தது நான்தான்" என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் என் பெண் பஸ்ஸில் ஏறியிருப்பாளா? அதுதான் தெரியவில்லை.

அவளுக்கு அப்போது நாலு வயது முடியவில்லை. மற்ற குழந்தைகளைப் போல அழத் தொடங்குவாள். ஆனால் பாதியில் மூச்சு நின்றுவிடும். வாய் திறந்தபடியே இருக்கும், சத்தம் வராது, உதடு நீலம் பாரிக்கும். பிறகு துவண்டுபோய் என் தோளில் விழுவாள். அரை நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அந்த அரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது குழந்தையைக் கையில் வைத்திருப்பவளுக்குத்தான் தெரியும். டாக்டர் மலையாளத்தில், "பேடிக்கண்டா, வளரும்போ மாறிக்கொள்ளும்" என்றார். பயப்படாதே என்று சொன்னவுடன் பயம் போய்விடும் சுபாவம் எனக்கில்லை.

முதல் முறை அது வந்தது பஸ் ஸ்டாண்டில். நாகர்கோவிலிலுள்ள என் பிறந்தகத்துக்குப் போகக் கிளம்பியிருந்தோம். டிரைவர் இஞ்சினைக் கிளப்பினார். பஸ் ஒரு உறுமல் உறுமி, பின்னால் படாரென்று வெடித்து, உடம்பெல்லாம் ஆட ஆரம்பித்தது. குழந்தை என் மடியிலேயே நீலமாகிவிட்டாள். இறங்கிக் கரமனையில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு இரண்டு முறை முயன்றோம். இரண்டு முறையும் அப்படியேதான். தெருக்கோடியில் பஸ் சத்தம் கேட்டாலே என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். இரண்டு வருஷமாக நான் பிறந்தகத்துக்குப் போகவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "குழந்தையை உன் ஆத்துக்காரரின் மன்னியிடம் விட்டுவிட்டு வாயேன்" என்று அம்மா எழுதினாள். விட்டுவிட்டுப் போய், நான் இல்லாத நேரத்தில் மூச்சு நின்றுவிட்டால்? போகாமலே இருந்துவிட்டால் தங்கை ஆயுசுக்கும் சொல்லிக்காட்ட மாட்டாளா? இரண்டு கடிதங்களுக்குப் பதில் எழுதி இரண்டையும் கிழித்தேன்.

இதற்கு நடுவில்தான் அந்த வண்டி எங்கள் வீட்டுத் தொழுவத்துக்கு வந்தது.

என் கணவர் ஒரு தொழிற்பள்ளியில் மின்சாரப் பாடம் நடத்துகிறவர். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மண்டி வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் அவருக்குப் பழக்கம். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். யுத்தத்துக்குப் பிறகு பட்டாளத்தார் ஏலம் விட்ட சாமான்களில் ஒரு பாட்டரி வண்டியை அவர் எடுத்திருந்தார். விமான நிலையத்தில் பெட்டி சுமந்த வண்டியாம். மரத்தட்டு, இரும்புச் சட்டம், நாலு குட்டைச் சக்கரம். ஓட்டுபவர் முன்னால் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். பல வருஷம் கோடவுனில் கோணிக்கு அடியில் கிடந்ததை என் கணவர் பிரித்துப் பூட்டி ஓட வைத்தார். சார்ஜ் ஏற்றும் கருவியையும் அவரே செய்தார். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் அதை வைத்தால் தீப்பொறி பறக்குமோ என்று அண்ணாச்சிக்குப் பயம். எங்கள் தொழுவமோ மாடு விற்ற பிறகு காலியாகக் கிடந்தது. பகலெல்லாம் ஆரியசாலைச் சந்துகளில் மூட்டை சுமந்துவிட்டு, சாயங்காலம் வண்டி எங்கள் வீட்டுக்கு வந்து நிற்கும்.

எதிராத்து மாமி வாசலில் நின்றபடியே கேட்டாள்: "ஏண்டி, பசுவை வித்துட்டு இதைக் கட்டிண்டிருக்கேளே, வேளைக்கு எத்தனை படி கறக்கும்?"

"இது கறக்காது மாமி. குடிக்க மட்டும் குடிக்கும்" என்றார் என் கணவர்.

மாமியின் கேலியை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்த வண்டிக்குச் சத்தமே இல்லை. சக்கரம் கல்லில் ஏறி இறங்கும் சத்தமும், ஒரு மெல்லிய ரீங்காரமும்தான். நிற்கும்போது அதுவும் கிடையாது. என் பெண் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு தூர நின்று பார்ப்பாள். ஓடிப்போகவில்லை. அதைப் பார்த்துத்தான் என் கணவருக்கு அந்த யோசனை வந்தது. முதலில் சத்தம் போடாத வண்டியில் பழக்குவோம், அப்புறம் பஸ்ஸைப் பார்ப்போம் என்றார். வண்டி நிற்கும்போது தட்டில் உட்காருவாள். கொஞ்சம் நகர்ந்தாலும் முகம் மாறிவிடும், நான் தூக்கிக்கொண்டுவிடுவேன். "நீ அவசரப்படறே. அழ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே தூக்கிடறே" என்பார். இருக்கலாம்.

நான் இண்டர்மீடியட் வரை படித்தவள். விஞ்ஞானப் பாடம் எடுத்திருந்தேன். அதனால் வண்டியைப் பற்றி எனக்குச் சொல்லித் தருவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். பஸ்ஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் கேட்டேன்.

"பெட்ரோல் இஞ்சின் தானா எழுந்திருக்காது. யாராவது சுத்திவிட்டாத்தான் ஓடும். ஓட ஆரம்பிச்சாலும் மெதுவா சுத்தறச்சே அதுக்குப் பலம் கிடையாது. அதனாலதான் கிளச்சு, கியர்னு இத்தனை ஏற்பாடு. அது ஒரு பக்கம் ஓடிண்டே இருக்கும், நாம கொஞ்சம் கொஞ்சமா சக்கரத்தோட சேர்த்துவிடணும். இது அப்படி இல்லே. நின்ன இடத்துலதான் இதுக்கு பலம் ஜாஸ்தி. பாட்டரியிலேர்ந்து கரண்டு, கரண்டுலேர்ந்து மோட்டார், மோட்டார்லேர்ந்து பல்சக்கரம், அதுலேர்ந்து அச்சு. அவ்வளவுதான். கியரும் கிடையாது, கிளச்சும் கிடையாது."

மோட்டார் ஏன் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பது மட்டும் எனக்கு ஏறவில்லை. காந்தம் ஒரு கம்பிச்சுருளை இழுத்தால், இழுத்த இடத்தில் அது நின்றுவிட வேண்டியதுதானே? ஒரு நாள் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இப்போ நீ என்ன பண்றே?" என்றார். "அரைக்கிறேன்." "குழவியைப் பாதி வட்டம் தள்றே, பாதி வட்டம் இழுக்கறே. தள்ளிண்டே இருந்தா என்ன ஆகும்?" குழவி எதிர்ப்பக்கம் போய் முட்டி நிற்கும். அப்போது புரிந்தது. சுருள் பாதி சுற்று வந்ததும் கரண்டின் திசையை மாற்றிவிட வேண்டும். தள்ளு, பிறகு இழு, பிறகு தள்ளு. அதைச் செய்வது மோட்டாரின் கோடியிலுள்ள ஒரு செப்பு உருளை. துண்டு துண்டான செப்புப் பட்டைகளை நடுவில் கரண்டைக் கடத்தாத அபிரகத் தகடு வைத்து உருளையாகச் சேர்த்திருக்கிறார்கள். அதன்மேல் நாலு கரிக்கட்டைகள் அழுந்தி நிற்கின்றன. உருளை சுற்றச் சுற்ற, கரி வழியாக வரும் கரண்டு ஒவ்வொரு சுருளுக்கும் சரியான சமயத்தில் திசை மாறிப் போகிறது.

"இதுதான் வண்டிக்கு உயிர்" என்றார். அந்த வார்த்தை என் மனசில் பதிந்துவிட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்று சொன்னால், பழியை அவர்மேல் போடுவதாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நவராத்திரி ஆரம்பித்த சமயத்தில் நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். வண்டி இறக்கத்தில் தானே உருளும்போது சக்கரம்தானே மோட்டாரைச் சுற்றுகிறது? அப்போது அது டைனமோவாகிப் பாட்டரிக்குக் கரண்டைத் திருப்பித் தராதா? அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வேற விதமா கம்பி சுத்தின மோட்டாரா இருந்தா தரும். இது அதுக்கு லாயக்கில்லே. ஆனா என் பசங்கள்ல ஒருத்தன்கூட இதைக் கேட்டதில்லே" என்றார். மறுநாள் அண்ணாச்சியிடமும் அதைப் பெருமையாகச் சொன்னாராம். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. புஸ்தகங்களை அடுக்கிவைத்தேன். அரிவாள்மணை, சுத்தியல், திருப்புளி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தேன். வண்டிக்கும் அன்று ஓய்வு. காலையில் அவர் அதைத் துடைத்து, மோட்டாரின் மேலுள்ள இரும்புப் பட்டையைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த கரித்தூளைத் துருத்தியால் ஊதிவிட்டார். ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பும்போது, "பொட்டு வெச்சப்புறம் அந்தப் பட்டையை மாட்டிடு, தூசி விழும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சந்தனக் கிண்ணத்தோடு நானும் குழந்தையும் தொழுவத்துக்குப் போனோம். அவள் விரலைப் பிடித்து ஒரு சக்கரத்தில் பொட்டு வைக்கச் சொன்னேன். மீதிச் சக்கரங்களுக்கும், கைப்பிடிக்கும், பாட்டரிப் பெட்டிகளுக்கும் நானே வைத்தேன். பூ வாங்க யாரோ கூப்பிட, குழந்தை வாசலுக்கு ஓடினாள். பட்டையை மாட்டக் குனிந்தபோது செப்பு உருளை கண்ணில் பட்டது. பளபளவென்று, இப்போதுதான் தேய்த்த பஞ்சபாத்திரம் போல இருந்தது. வண்டிக்கு உயிர் என்று சொன்ன இடம். வெளியே இருப்பதற்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு உயிருக்கு வைக்காமல் விடலாமா? ஒரு பொட்டு வைத்தேன். ஒன்று போதுமா என்று சந்தேகம் வந்தது. மூன்றாக்கினேன். அதுவும் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நன்றாக இல்லையே என்று, எட்டிய இடமெல்லாம், கரிக்கட்டைகளுக்கு அடியில் இறங்கும்வரை தாராளமாகச் சந்தனத்தை இழுத்து, குங்குமத்தையும் வைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு பட்டையை ஒழுங்காக மாட்டினேன். சொன்னதைச் செய்துவிட்டேன் என்ற திருப்தி வேறு.

விஜயதசமி காலையில் குழந்தை பரப்பிய அரிசியில் எழுத்து எழுதினாள். அண்ணாச்சி எலுமிச்சம்பழங்களோடு வந்துவிட்டார். நல்ல நேரத்தில் முதல் ஓட்டம் போக வேண்டும். குழந்தையையும் ஏற்றிக்கொண்டு தெருக்கோடிவரை போய்ப் பார்ப்பதென்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. நான் தட்டில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் உடம்பு விறைப்பதை என் கை உணர்ந்தது. என் கணவர் மிதியில் ஏறி நின்றார். கைப்பிடியை முதல் படிக்குத் தள்ளினார்.

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் படி. வண்டி அசையவில்லை, ரீங்காரம்கூட இல்லை.

"என்ன சாரே, நல்ல நாளும் அதுவுமா படுத்துட்டு? நேத்து லீவு விட்டது போதாதாமா?" என்றார் அண்ணாச்சி.

என் கணவர் இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து பட்டையைக் கழற்றினார். காய்ந்து பாளம் பாளமாக ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்துக் காட்டினார்.

"கரிக்கும் செப்புக்கும் நடுவுல சந்தனம். எப்படிக் கரண்டு போகும்? யார் இதை வெச்சது?"

நான் வாயைத் திறக்கும் முன் என் மடியிலிருந்து குரல் வந்தது. "நான்தான் வெச்சேன்."

அவள் பொய் சொல்லவில்லை. சக்கரத்தில் அவள் வைத்த பொட்டு அங்கேயே இருந்தது. யார் வைத்தது என்று கேட்டார். அவள் வைத்ததைச் சொன்னாள்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். "பாத்தேளா அண்ணாச்சி! இருபது மூட்டை இழுக்கற வண்டியை ஒரு விரலால நிறுத்திப்பிட்டா!"

"ஆமா சாரே, காளைமாட்டுக்கு மூக்கணாங்கயிறு, இதுக்குப் பாப்பா கைச் சந்தனம்! இனிமே பாப்பா உத்தரவு குடுத்தாத்தான் வண்டி நகரும் போலிருக்கு."

நான் சொல்லியிருக்க வேண்டும். இண்டர்மீடியட் படித்தவள், டைனமோ கேள்வி கேட்டவள், கரியும் செப்பும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவள், அந்த இடத்திலேயே சந்தனம் பூசியிருக்கிறேன் என்று அண்ணாச்சி முன்னால் எப்படிச் சொல்வது? வெட்கம்தான் முதல் காரணம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் வாயைத் திறக்கத்தான் போனேன் என்றும் நினைக்கிறேன். அப்போது குழந்தையின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் விறைப்பு போய்விட்டது. கழுத்தை நீட்டி மோட்டாரைப் பார்த்தாள். பிறகு என் மடியிலிருந்து தானாக நழுவி இறங்கி, அப்பா பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"நான் வெச்சதால நின்னுடுத்தா?"

"ஆமாம்."

"அதுக்கு வலிக்குமா?"

"வலிக்காது. எடுத்துட்டா ஓடும்."

கண்ணாடித்தூள் ஒட்டிய மெல்லிய காகிதத்தை அவர் அவள் கையில் கொடுத்து, தன் கையால் பிடித்துத் தேய்க்க வைத்தார். கரிக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுத்தம் செய்தார். செப்பு மறுபடி பளபளத்தது. நல்ல நேரம் தாண்டிவிட்டது என்று அண்ணாச்சி ஒரு தடவை முனகினார். குழந்தை தேய்ப்பதைப் பார்த்துப் பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்ததும் அவள் தானாகவே தட்டில் ஏறினாள். வண்டி நகர்ந்தது. நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் வரவில்லை. தெருக்கோடி வந்ததும், "நில்லு!" என்று கத்தினாள். என் கணவர் மிதியிலிருந்து காலை எடுத்தார், வண்டி நின்றது. "ஓடு!" என்றாள். ஓடியது. எதிராத்து மாமி வாசலுக்கு வந்து, "அம்மாடி, யார் இந்த டிரைவர்?" என்றாள். அன்று ஆரியசாலைவரை போய் வந்தோம்.

இரவு சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சாப்பிடும்போது அவர், "பாத்தியா, அவளுக்குப் பயம் சத்தத்துல இல்லே. தன்னால நிறுத்த முடியாதுங்கறதுலதான் இருந்திருக்கு" என்றார். நான் மோர் ஊற்றினேன். சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் போகும் நாள் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். குழந்தை என் குங்குமச்சிமிழில் சந்தனம் குழைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. டிரைவர் விசையை அழுத்தினார். பஸ் உறுமியது. அவள் என் கையை இறுகப் பிடித்தாள், வாய் திறந்தது. என் கணவர் குனிந்து, "முதல்ல உறுமித்தே, அது நம்மாத்து வண்டிக்குள்ளே இருக்கறது மாதிரி ஒரு குட்டி மோட்டார். பாட்டரியில ஓடறது. அதுதான் பெரிய இஞ்சினைத் தட்டி எழுப்பும்" என்றார்.

"செப்பு இருக்கா?"

"இருக்கு."

மூச்சு வெளியே வந்தது. சிமிழைத் திறந்து, முன்சீட்டின் இரும்புக் கம்பியில் ஒரு பொட்டு வைத்தாள். "ரொம்பக் கத்தினா நிறுத்திடுவேன்" என்று பஸ்ஸிடம் சொன்னாள்.

பஸ் கத்திக்கொண்டேதான் போனது. அவள் நிறுத்தவில்லை. நெய்யாற்றின்கரை தாண்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற டிரைவர் வண்டியை நிறுத்தினார். குழந்தை திடுக்கிட்டு என்னைப் பார்த்து, "நான் இல்லேம்மா!" என்றாள். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்தேன். மார்த்தாண்டம் வருமுன் தூங்கிவிட்டாள். தங்கை மணையில் உட்கார்ந்திருந்தபோது, மடிசாரைப் பிடித்துக்கொண்டு அவளருகில் நின்றது என் பெண்தான்.

அதற்குப் பிறகு இரண்டே முறை மூச்சு நின்றது. இரண்டும் பஸ்ஸினால் அல்ல. ஒன்றரை வருஷமாக அதுவும் இல்லை. டாக்டர் சொன்னபடி வளர்ந்ததால் போயிற்றா, அந்தச் சந்தனத்தால் போயிற்றா? இரண்டும் சரி என்றே படுகிறது.

இப்போது அவளுக்கு ஏழு வயது நெருங்குகிறது. பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகிறாள். சிமிழ் எப்போதோ அலமாரிக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அந்தக் கதை திரும்பவில்லை. புதிதாக யார் வந்தாலும் சொல்கிறாள், பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும்: "சின்னக் குட்டியா இருந்தப்போ நான் ஒரு வண்டியை நிறுத்தியிருக்கேன், அறியுமோ?" அவள் அப்பாவும் தலையாட்டுகிறார். அவர் தொழுவத்தில் வேலை செய்யும்போது கூடவே உட்கார்ந்து, கரிக்கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறாள். தானும் மோட்டார் படிக்கப் போகிறாளாம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறோம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் மறுபடி சரஸ்வதி பூஜை. நேற்று சந்தனக்கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து மிகவும் பொறுப்பாக, "அம்மா, இந்த வருஷம் வண்டிக்கு நானே பொட்டு வெக்கறேன். செப்பில மட்டும் வெக்கப்படாது. எனக்குத் தெரியும், நான் ஒரு தடவை தப்புப் பண்ணியிருக்கேன்" என்றாள். தப்பு என்ற வார்த்தையை அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. இதுவரை அது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இதைப் படிக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா? சொன்னால், தன் விரலால் வண்டியை நிறுத்தியவள் என்ற தைரியம் அவளைவிட்டுப் போய்விடுமா? இல்லை, என் தப்பைத் தன்னுடையதென்று அவள் வளர்ந்த பிறகும் சுமப்பது அதைவிடக் கெடுதலா? சொல்வதானால் முதலில் அவளிடமா, அவள் அப்பாவிடமா? உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு குழந்தை உங்களை எப்படிப் பார்த்தது என்று எழுதுங்கள். பூஜைக்கு முன்னால் வந்தால் நல்லது. பிந்தி வந்தாலும் படிப்பேன்.